நீல லைட்டுக்கும் சிவப்பு லைட்டுக்கும் நடுவே

காரின் எஞ்சினில் தண்ணீர் குறைகிறது என்று முதலில் சொன்னது ஹீட்டர்தான். எனக்குத்தான் அது விளங்கவில்லை. டிசம்பர் கடைசியில், நுவரெலியாவை ஒட்டிய நானுஓயாப் பக்கம் காலை ஆறரைக்கு வண்டியை எடுத்தால் முன்கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க நீர் பூத்திருக்கும். ஹீட்டரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டால் ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடும். அந்த வருடம் ஐந்து பத்தானது. பிறகு எக்ஸலேட்டரை மிதித்தால் மட்டும் சூடாக ஊதும், வண்டி நின்றால் மலையில் இருந்து கொட்டுகிற பீலித் தண்ணீர்போல ஜில்லென்று ஊதும். ஹீட்டர் பழுது, சம்பளம் வந்ததும் பார்க்கலாம் என்று நினைத்தேன். பழைய துவாய்த் துண்டு ஒன்றைப் பக்கத்து சீட்டில் போட்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பள்ளிக்கூடம் போய் வந்தேன். அந்தத் துவாய்த் துண்டு எனக்கு ஐந்து இலட்சத்துக்கு மேல் செலவு வைத்தது.

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. கணவர் கட்டாரில். அம்மாவுக்கு மாதம் ஒரு முறை கண்டியில் கிளினிக். பஸ்ஸில் போய் வந்தால் அம்மா இரண்டு நாள் எழும்ப மாட்டார், அதற்காகத்தான் 2023இல் கார் வாங்கினோம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய கார்கள் புதிய கார்களின் விலையை எட்டிவிட்டிருந்த நேரம். 2012ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ் ஒன்றை 62 இலட்சத்துக்குப் பேசி முடித்தோம், பாதி கையிருப்பு, மீதி லீசிங். தோட்டத் தொழிலாளர் லயத்துக் கோடியில் பிறந்து வளர்ந்த எனக்கு, சொந்த வாகனத்தின் திறப்பைக் கையில் வாங்கியபோது என்ன தோன்றியது என்று சொல்லத் தெரியவில்லை. அந்தச் சந்தோசத்தில் பொனட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. புரோக்கர், “ஜப்பான் எஞ்சின் டீச்சர், தண்ணியும் ஒயிலும் பாத்துக்கிட்டா போதும், ஆயுசுக்கும் ஓடும்” என்றார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. தண்ணியைத்தான் முதலில் சொன்னார்.

எஞ்சினைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது தெரிந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் மலையகத்தில் நிறையப் பேரின் வண்டிக்குள் இதே எஞ்சின்தான் இருக்கிறது. பெயர் 1கேஆர்-எஃப்ஈ. டைஹாட்சு உருவாக்கியது, 2004இல் டொயோட்டா பாசோவில் வந்தது. 996 சி.சி., மூன்று சிலிண்டர், 12 வால்வு. சிலிண்டரின் விட்டம் 71 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 83.9 மில்லிமீட்டர். சிலிண்டர்கள் இருக்கிற பிளொக்கும், அதன்மேல் மூடியாக உட்காருகிற ஹெட்டும் அலுமினியம். என்னுடைய விட்ஸில் 69 குதிரைவலு, அதுவும் 6000 சுற்றில். 2007 தொடங்கி 2010 வரை நான்கு வருடம் தொடர்ச்சியாக, ஒரு லீற்றருக்குட்பட்ட எஞ்சின்களுக்கான சர்வதேச விருதை வாங்கியிருக்கிறது. பெற்றோல் குடிப்பது குறைவு, எடையும் குறைவு. நல்ல எஞ்சின்தான், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் ஆயிரம் கிலோவை ஒட்டிய வண்டியில் நாலு பேரும் ஒரு மூட்டை அரிசியும் ஏற்றிக்கொண்டு றம்பொடை மலைப்பாதையில் ஏறும்போது, அந்த 69 குதிரையும் மூச்சு வாங்கும். கொழும்பில் நாள் முழுக்க ஓடி வருகிற சூடு இங்கே அரை மணித்தியாலத்தில் வந்துவிடும்.

இன்னொரு விடயம், இதுதான் முக்கியம். இந்த விட்ஸில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. இரண்டு லைட் மட்டும். குளிரில் ஸ்டார்ட் செய்தால் நீல லைட் எரியும், சூடானதும் அணையும். அளவுக்கு மீறிச் சூடானால் சிவப்பு லைட். நடுவில் என்ன நடக்கிறது என்று வண்டி உங்களிடம் ஒன்றும் சொல்லாது. பாசோவும் இப்படித்தான்.

ஜனவரியில் சேவிஸ் ஸ்டேசனில் பையன் பொனட்டைத் திறந்து, “டீச்சர், தண்ணி கொஞ்சம் கொறஞ்சிருக்கு, ஊத்திட்டேன்” என்றான். எதை ஊற்றினான் என்று நான் கேட்கவில்லை. குழாய்த் தண்ணீர். முந்தின சேவிஸிலும் அதையே செய்திருப்பான் போல. எஞ்சினைக் குளிர்விக்க மூடிய வட்டத்துக்குள் ஓடுகிற தண்ணீர் எங்கே குறைகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஹீட்டருக்குச் சூடு தருவதும் அதே தண்ணீர்தான், அது குறைந்ததால்தான் ஹீட்டர் ஜில்லென்று ஊதியது. நான் தமிழ் ஆசிரியைதான், ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்க விஞ்ஞானம் படித்திருக்கத் தேவையில்லை.

அந்த முறை அம்மாவின் கிளினிக் முடிந்து கண்டியில் இருந்து கிளம்பவே நாலரை மணி. கம்பளை, புசல்லாவை கடந்து றம்பொடையில் ஏறத் தொடங்கும்போது இருட்டிவிட்டது, பனியும் இறங்கிவிட்டது. முன்னால் ஒரு பஸ், அதன் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து வந்தேன். ஒரு வளைவில் இனிப்பான வாசம் ஒன்று வந்தது, பாகு காய்ச்சுகிறமாதிரி. அம்மாகூட, “யாரோ பலகாரம் சுடுறாங்க” என்றார். அந்த வாசம் வந்தால் பலகாரம் இல்லை, எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் திரவம் வெளியே வந்து சூட்டில் காய்கிறது என்று அர்த்தம். அடுத்த ஐந்து நிமிடத்தில் வண்டி இழுவை விட்டது. பொனட் ஓரத்தில் ஆவி. சிவப்பு லைட் அதற்குப் பிறகுதான் எரிந்தது. ஏன் அவ்வளவு பிந்தியது என்று பிறகு ஒரு பாஸ், அதாவது மெக்கானிக், விளக்கினார். சூட்டை அளக்கிற சென்சர் தண்ணீருக்குள் முங்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீரே இல்லாமல் போனால் அது வெறும் ஆவியில் நின்றுகொண்டு தாமதமாகத்தான் முழிக்கும். ஆகவே சிவப்பு லைட்டை நம்பி இருக்காதீர்கள், அது சாவு வீட்டுக்கு வருகிற தந்தி.

லபுக்கலைக்குக் கீழே, ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். அம்மாவை முன் சீட்டில் போர்வையால் சுற்றி உட்கார வைத்துவிட்டு, போன் டோர்ச்சுடன் இறங்கினேன். கையில் ஒரு போத்தல் குடிதண்ணீர் இருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கை வைத்துவிட்டேன். கீழே இறங்கிக்கொண்டிருந்த மரக்கறி லொறி ஒன்று நின்று, சாரதி ஓடிவந்தார். “அக்கா, மூடியத் தொறந்துறாதீங்க! மூஞ்சி வெந்துரும்!” அவர் பெயர்கூடக் கேட்கவில்லை. அவர் வராவிட்டால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன். சூடான எஞ்சினில் மூடியைத் தொடாதீர்கள். குறைந்தது முக்கால் மணித்தியாலம், ரேடியேட்டரின் மேல் குழாயைக் கையால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும்வரை பொறுத்திருங்கள். வெந்து கிடக்கிற அலுமினியத்தில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் வெடிப்பு விழவும் கூடும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எஞ்சினை நிறுத்துவது. நான் சிவப்பு லைட்டைப் பார்த்த பிறகும், “அந்த லைட் வெளிச்சம் தெரியுற கடை வரைக்கும் போயிரலாம்” என்று ஓர் அரைக் கிலோமீட்டர் ஓட்டினேன். ஹெட் வளைந்தது அந்த அரைக் கிலோமீட்டரில்தான் என்று நினைக்கிறேன். இருட்டு, அம்மா, தனியாக ஒரு பெண். பயம் கணக்குப் பார்க்க விடாது.

வண்டியைத் தூக்கிப்போன செலவு 17,000. முதல் கராஜில் சொன்ன காரணம் சரிதான்: வாட்டர் பம்ப் ஒழுக்கு. 1கேஆர் எஞ்சினின் பேர்போன பலவீனம் இது. பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியாகக் கசியும், கசிந்த கூலன்ட் காய்ந்து ரோஸ் நிறத்தில் உப்புப் பூத்தமாதிரி படியும். எஞ்சின் ஓடும்போது பெல்ட் பக்கம் கறகறவென்ற சத்தமும் வரலாம். டோர்ச் அடித்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். வாங்கிய அன்றே அது பூத்திருந்திருக்க வேண்டும்.

காரணம் சரி, வைத்தியம்தான் பிழை. ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவே ஒழுகாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கட்டை மாற்றினார்கள். ஆனால் கழற்றிய ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பி, மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. விலை குறைந்த பம்ப் ஒன்றைப் போட்டார்கள். அதோடு தேர்மோஸ்டட்டைக் கழற்றி என் கையில் தந்து, “நம்ம குளிருக்கு இது தேவையில்ல டீச்சர், இனி சூடே ஏறாது” என்றார்கள். 94,000 ரூபா. எனக்கு நிம்மதி. சூடே ஏறாது என்றால் நல்லதுதானே?

இல்லை. தேர்மோஸ்டட் என்பது 80 பாகையைத் தாண்டும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கிற கதவு. அது இல்லாவிட்டால் நுவரெலியாக் குளிரில் எஞ்சின் சூடாகவே மாட்டாது. நீல லைட் வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் வரை அணையவே இல்லை. நான் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்! எஞ்சின் குளிராக இருக்கிறது என்று நினைத்துக் கம்பியூட்டர் கூடுதல் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கும், அது சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஒயிலோடு கலக்கும். பெற்றோல் செலவு கூடியது தெரிந்தது, காரணம் தெரியவில்லை. மலைநாட்டில் யாராவது தேர்மோஸ்டட்டைக் கழற்றச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். சூடான ஊருக்கும் அது பிழை, குளிரான ஊருக்கு இரட்டைப் பிழை.

ஐந்தாவது வாரம், காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின்னால் வெள்ளைப் புகை. பனி என்று நினைத்தேன், ஆனால் அரை மணித்தியாலம் கழித்தும் நிற்கவில்லை. ஒயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால்தேத்தண்ணி நிறத்தில் குழம்பு. மறுபடியும் தூக்கிக்கொண்டு போக 9,000. இந்த முறை ஹட்டன் பக்கம் ஒரு வயதான பாஸ். அவர் ஹெட்டைக் கழற்றி, ஓர் இரும்பு மட்டக்கோலை அதன்மேல் வைத்து, அடியில் டோர்ச் அடித்து, “இங்க வந்து பாருங்க மிஸ்” என்றார். நடுவில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. அவ்வளவுதான். முதல் கராஜ் இதைச் செய்ய இரண்டு நிமிடம் போயிருக்காது. வளைந்த ஹெட்டின் கீழே புதுக் கேஸ்கட் எத்தனை நாள் தாங்கும்? ஒயிலில் தண்ணீர் கலந்து ஓடியதில் பெயரிங்கும் தேய்ந்து, அதற்குள் சுழல்கிற க்ராங் தண்டில் கோடு விழுந்திருந்தது. அன்று அந்தக் கராஜ் வாசலில் பலகைக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பாஸ் ஒன்றும் பேசாமல் ஒரு பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஹெட் கேஸ்கட் வேலை செய்விக்கிறவர்கள் இதை மட்டுமாவது ஞாபகம் வையுங்கள்: ஹெட்டை லேத்துக்கு அனுப்பினீர்களா, அதற்கான பில் துண்டு எங்கே என்று கராஜில் கேளுங்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

திருத்துவதைவிட, ஜப்பானில் இருந்து கழற்றி வருகிற எஞ்சின் ஒன்றைப் போடுவது நல்லது என்று முடிவானது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். நான் அவசரப்பட்டேன். போனில் “விட்ஸ் 1கேஆர்” என்று மட்டும் சொன்னேன், “இருக்கு” என்றார்கள், காசு அனுப்பினேன், லொறியில் வந்தது. பாஸ் பார்த்துவிட்டு, “இது உங்க வண்டிக்கு இல்ல” என்றார். பெயர் ஒன்று, எஞ்சின் வேறு. 2014 ஏப்ரலில் டொயோட்டா இதே எஞ்சினைப் பெரிதாக மாற்றிவிட்டது. அட்கின்சன் முறை, அமுக்க விகிதம் 11.5, புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து மறுபடி உள்ளே விடுகிற இஜிஆர் குழாய், 37 சதவீத வெப்பத்திறன் என்றெல்லாம். அதற்கான வயரும் கம்பியூட்டரும் வேறு. 2012ஆம் ஆண்டு வண்டியில் அதை அப்படியே தூக்கி வைக்க முடியாது. திருப்பி அனுப்பியதில் ஏற்றுக்கூலி இறக்குக்கூலி என்று 22,000 போனது, பத்து நாளும் போனது.

ஆகவே எஞ்சின் தேடுகிறவர்கள் பெயரைச் சொல்லாதீர்கள், சேசிஸ் இலக்கத்தையும் உற்பத்தி ஆண்டையும் அனுப்புங்கள். சேசிஸ் எழுத்தே நிறையச் சொல்லும். என்னுடையது கே.எஸ்.பி. 130, அதில் முதல் எழுத்து கே என்பது கேஆர் எஞ்சின். என்.எஸ்.பி. 130 என்றால் வெளியே இதே உடம்புதான், உள்ளே நாலு சிலிண்டர் 1.3 லீற்றர். முதல் தலைமுறை விட்ஸ், எஸ்.சி.பி. 10, அது ஒரு லீற்றர்தான் என்றாலும் 1எஸ்இசட் என்ற நாலு சிலிண்டர், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1கேஆர் குடும்பத்துக்குள்ளும் கிளைகள் உண்டு. பெரோடுவா அக்ஸியாவில் வருவது டிஈ2, பிறகு விஈ. டொயோட்டா ரைஸில் டர்போ பூட்டிய விஈடி, அது 98 குதிரைவலு. எல்லாம் 996 சி.சி., எல்லாம் மூன்று சிலிண்டர், ஆனால் ஒன்றின் சாமானை மற்றதற்கு வாங்கிவிட்டு என்னைப்போல் முழிக்காதீர்கள்.

சரியான எஞ்சின் 275,000க்குக் கிடைத்தது. போடும்போதே வெளியில் இருக்கையில் நல்ல வாட்டர் பம்ப், தேர்மோஸ்டட், பெல்ட், எஞ்சின் மவுண்ட், புது ரேடியேட்டர் மூடி எல்லாம் மாற்றினோம். கூலி, ஒயில், கூலன்ட் எல்லாம் சேர்த்து 108,000. மொத்தம் 525,000 ரூபா. ஏழு வாரம் த்ரீவீலுக்குக் கொடுத்தது தனி. லீசிங் கட்டணம் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதா மாதம். கணவரிடம் முழுத் தொகையை நான் சொல்லவில்லை, இதை வாசித்தால் தெரிந்துகொள்வார்.

ரேடியேட்டர் மூடி என்றேனே, அதைப் பற்றிக் கொஞ்சம். ஒரு சின்ன மூடியில் என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தவள்தான். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், இங்கே திறந்த பானையில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு அவிய இங்கே ஏன் நேரம் எடுக்கிறது என்று எல்லா அம்மாமாருக்கும் தெரியும். எஞ்சின் சாதாரணமாக ஓடுகிற சூடே 90ஐ ஒட்டித்தான். அப்படியென்றால் கொதிக்காமல் காப்பது எது? அந்த மூடியின் ஸ்பிரிங்தான். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, கொதிநிலையை 110க்கு மேலே தள்ளுகிறது, பிரஷர் குக்கர் மாதிரி. ரப்பர் காய்ந்துபோன மூடி கொழும்பில் சமாளித்துக்கொண்டு போகும், இங்கே சமாளிக்காது. சில ஆயிரம் ரூபாச் சாமான். பழைய மூடி எந்த அழுத்த இலக்கத்தோடு வந்ததோ அதே இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள், 1.1 இருந்த இடத்தில் 0.9ஐப் போடாதீர்கள்.

கூலன்ட், டொயோட்டாவுக்குரிய ரோஸ் நிறத்தது. புது வண்டியில் முதல் தடவை 160,000 கிலோமீட்டர், பிறகு ஒவ்வொரு 80,000க்கும் மாற்றினால் போதும். பீலித் தண்ணீர் குடிக்க அமிர்தம், ரேடியேட்டருக்கு அல்ல. அதில் துருப் பிடிக்காமல் காக்கிற மருந்து கிடையாது, அலுமினியத்தை அரிக்கும், பம்ப் சீலையும் சீக்கிரம் கொல்லும். வழியில் உயிர் போகிற நேரத்தில் எந்தத் தண்ணீரையும் ஊற்றலாம், ஆனால் அந்த வாரமே கழுவி மாற்ற வேண்டும். புதிதாக ஊற்றியதும் உள்ளே சிக்கின காற்றை எடுக்க பாஸ் ஒரு வேலை செய்தார். கராஜ் முன்னால் இருந்த ஏற்றத்தில் வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, குமிழி நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார். எங்கள் ஊரில் ஏற்றத்துக்கா பஞ்சம்.

மற்றப் பழுதுகள் சின்னவை. நின்ற நிலையில் ஸ்டியரிங் நடுங்குவது மூன்று சிலிண்டரின் பிறவிக் குணம், இந்த எஞ்சினில் அதிர்வைச் சமப்படுத்தும் தண்டு கிடையாது. ஆனால் டாஷ்போர்ட்டே தாளம் போட்டால், எஞ்சினைத் தாங்குகிற மவுண்ட் தேய்ந்துவிட்டது. ஏற்றத்தில் ஓர் உதறலோடு இழுவை குறைந்து எஞ்சின் லைட் மின்னினால் பிளக்குக்குப் பொறி தருகிற மூன்று கொயிலில் ஒன்று போயிருக்கலாம். மூன்றில் ஒன்று போனால் மூன்றிலொரு பங்கு பலம் போச்சு, நாலு சிலிண்டர்க்காரருக்கு இவ்வளவு வலிக்காது. ஒயில் மொத்தமே மூன்று லீற்றரைச் சற்றுத் தாண்டும், ஆகவே ஒரு லீற்றர் குறைந்தாலே ஆபத்து, மாதம் இரண்டு தடவை குச்சியை எடுத்துப் பாருங்கள். இன்னொன்று: ஒரு கராஜில் எனக்கு “ஒரு இலட்சம் ஓடிருச்சு, டைமிங் பெல்ட் மாத்தணும்” என்று விலை சொன்னார்கள். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட்டே கிடையாது, செயின். வெளியே தெரிகிற பெல்ட் வாட்டர் பம்பையும் அல்டர்னேட்டரையும் சுற்றுவது. இல்லாத சாமானை மாற்றக் காசு கொடுக்க இருந்தேன்.

இப்போது டாஷ்போர்ட்டின் கீழே வண்டியின் கம்பியூட்டரைப் படிக்கிற ஒரு சின்ன ஓ.பி.டி. ரீடர் மாட்டியிருக்கிறேன், 3,500 ரூபா. தண்ணீர்ச் சூடு போனில் இலக்கமாகத் தெரியும். நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில் இருந்த அந்த இருட்டு எனக்கு இனி இல்லை. போன மாதம் கிளினிக் முடிந்து ஏறும்போது 88, பஸ்ஸின் பின்னால் மாட்டியதும் 93, ஃபேன் ஓடியதும் மறுபடி 89. நான் அதையே பார்த்துக்கொண்டிருக்க அம்மா கேட்டார், “என்னா புள்ள, காருக்குக் காய்ச்சலா?”

ஹீட்டர் சூடாகத்தான் ஊதுகிறது. துவாய்த் துண்டு இன்னும் சீட்டில் கிடக்கிறது. வந்த எஞ்சினில் மேல் மூடி ரப்பர் வழியாக இலேசாக ஒயில் கசிவு ஒன்று இருக்கிறது, பாஸ் அவசரமில்லை என்கிறார். நான் அவரை நம்புகிறேன், ஆனாலும் காலையில் வண்டியை எடுக்கும் முன் கீழே ஒரு கார்ட்போர்ட் மட்டையைப் போட்டு, சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்கிறேன். அடுத்த சம்பளத்தில் அந்த ரப்பரை மாற்ற வேண்டும்.